பாலில் கலந்து கொடுங்கள்

நான் ஒரு பன்னாட்டு உணவு நிறுவனத்தில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், மகளிர் குழுக் கூட்டங்களில் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது என் வேலை. பேசி முடிக்கும்போது, சாக்லேட் ருசியில் வரும் எங்கள் சத்துபானப் பொடியையும் அறிமுகப்படுத்த வேண்டும்.

பொடிக்கு முன்னால் நான் சொல்வதெல்லாம் உண்மைதான். முட்டை, கீரை, கேழ்வரகு, வேகவைத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, சாப்பிடுமுன் கை கழுவுவது. கல்லூரியில் ஆசையாகப் படித்ததை ஆசையாகவே சொல்வேன். அதற்கெல்லாம் தலையாட்டியவர்கள் கடைசியில் வரும் பொடிக்கும் தலையாட்டிவிடுவார்கள். கூட்டத்தை அமைத்ததே அப்படித்தான். நகரங்களில் பெரிய டப்பாக்களின் விற்பனை தேங்கிவிட்டது. இனி சின்னப் பாக்கெட்டோடு கிராமத்துக்குப் போக வேண்டும். பாக்கெட்டுக்கு முன்னால் படித்த பெண் ஒருத்தி போக வேண்டும். பயிற்சியில் இதை ஒளிக்காமல்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான திட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் சேர்ந்த மறு வருடம் மாவட்டத்துக்கு ஏஜென்சி எடுக்க ஆள் தேடினார்கள். அண்ணன் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்னது நான்தான். வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, போளூர் ரோட்டில் குடோன் பிடித்தான். வேங்கிக்கால் வீட்டில் அவனும் அண்ணியும் பிள்ளைகளும் கீழே, நானும் அம்மாவும் மாடியில். இரண்டு அடுப்பும் எரிவது அந்தப் பொடியால்தான்.

தண்டராம்பட்டு பக்கம் ஒரு ஊரில் இரண்டாவது முறை கூட்டம் போட்டபோது ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். என்னைவிடச் சின்னவள். இடுப்பில் மகள், நாலு வயதிருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

“நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து இவளுக்குப் பால் குடுக்கறதே இல்லங்க மேடம். ரெண்டு வேளையும் இத்தயே தண்ணில கலந்து குடுத்துட்றேன். நல்லா குடிக்கிறா.”

வீட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். முன்பு மகளுக்கென்று ஒரு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு மீதியைப் பால் சொசைட்டிக்கு ஊற்றுவாள். இப்போது முழுவதும் சொசைட்டிக்குப் போகிறது. வரும் காசில் பாக்கெட் வாங்குகிறாள். தன் வீட்டுப் பாலை விற்று என் பொடியை வாங்குகிறாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பால் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே என்றேன். “அதான் இதுலயே எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே” என்றாள் சிரித்துக்கொண்டே. சொல்லியிருந்தேன். நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்ததை அப்படியே சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் குடோனில் அண்ணனிடம் சொன்னேன். அவன் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ சொல்றது ரைட்டுதான். இப்ப நான் என்ன பண்ணணும், அத சொல்லு” என்றான்.

திரும்பிப் போக அவனுக்குப் பழைய வேலை இல்லை. அவன் பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. அவன் என்னை நம்பி வந்தவன். அதை அவன் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் தென்மண்டலத் தலைவர் வந்தார். சென்னைக்காரர்; பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றிவிட்டு மறுநாள் எங்களோடு கூட்டம் என்று ஏற்பாடு. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியின் மேல்மாடியில் உட்கார்ந்தோம். நெற்றியில் விபூதியோடு, கால் வலியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் விற்பனை ஏறிய கதையைச் சொல்லி முடித்தபின் நான் எழுந்து அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கிறார்கள், இதில் சர்க்கரை ஜாஸ்தி, நாம் அதைச் சொல்வதே இல்லை என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். பாதி மனம் அதை வேண்டிக்கொண்டும் இருந்தது. அவர்களாக அனுப்பிவிட்டால் அண்ணனிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

அவர் லேப்டாப்பை மூடினார்.

“இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் இது தோணல பாருங்க. இத நீங்களே கேமரா முன்னாடி சொல்லுங்கம்மா” என்றார்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். அது ஃபேக்டரி சம்பந்தப்பட்டது, படிப்படியாகத்தான் கம்மி பண்ண முடியும் என்றார். பொய் சொல்கிறவர் மாதிரி தெரியவில்லை. மனிதர் உண்மையிலேயே நெகிழ்ந்துபோயிருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு மாதத்தில் புது விளம்பரம் வந்தது. மாடு, ஒரு டம்ளர் பால், பக்கத்தில் காட்டன் புடவையில் நான். ‘பாலில் கலந்து கொடுங்கள்’ என்று என் கையெழுத்தைப் போன்ற எழுத்தில் போட்டிருந்தது. பால் நிறைய இருந்தால் பொடியும் நிறையப் போட வேண்டும் என்று பாக்கெட்டைப் பெரிதாக்கியிருந்தார்கள். அண்ணனின் வண்டிகளின் இரண்டு பக்கமும் என் படம். எனக்கு மூன்று மாவட்டப் பொறுப்பு கொடுத்தார்கள். அண்ணி ஸ்வீட் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். விற்பனை ஏறியது.

பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியவில்லை. முகம் தெரிந்த பெண்கள் வந்து, பிள்ளைக்குச் சளி, பிள்ளை இளைத்திருக்கிறான் என்று யோசனை கேட்டார்கள். நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வேலை கேட்டுப் போய்ப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததுமே நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் நிறுவனத்தோடு சேர்ந்து குழந்தைகள் முகாம் நடத்த அவர்களுக்கு ரொம்ப நாளாக எண்ணமாம். வேலை கேட்டு வந்த என்னிடமே, நீங்கள்தான் அங்கே பேசி முடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

தண்டராம்பட்டு பெண்ணின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். நிறுவனத்துக்காக வரவில்லை என்று முதலிலேயே சொன்னேன். மாட்டுப்பால் மட்டும் போதும், பொடி வேண்டாம் என்றேன்.

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “என்னங்க மேடம், கம்பெனில எதனா பிரச்சினையா? உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?”

இல்லை என்றேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் வெறும் பால் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். அந்தக் குழந்தை வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கலர் இல்லை என்றது. தாய் சங்கடத்தோடு சிரித்தாள். கொஞ்ச நாள் விடாமல் கொடுத்துப் பாருங்கள், பழகிவிடும் என்றேன். பார்க்கிறேன் என்றாள். பாதி மனதோடு சொன்னாள்.

அதற்குப் பிறகு கூட்டங்களிலும் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் பாலும் முட்டையும் இருந்தால் இந்தப் பொடி தேவையில்லை என்று மேடையிலேயே சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் பொருளை வேண்டாமென்று சொல்கிற கம்பெனியா என்று வியந்தார்கள். பிறகு எழுந்து வந்து வாங்கினார்கள். ஒரு பாட்டில் மருந்தைப் போல, பத்திரமாக.

யாரோ இதைப் படம் பிடித்து மேலே அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் மண்டலத் தலைவரே கூப்பிட்டார். இப்போதாவது திட்டுவார் என்று மாடியில் ஒதுங்கி நின்று பேசினேன்.

“ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ‘தேவைன்னா மட்டும் வாங்குங்க’ன்னு நீங்க சொன்ன அந்த விதம் இருக்கே, அதையே எல்லா மாவட்டத்துலயும் சொல்ல வெக்கலாம்னு இருக்கோம். மத்தவங்களுக்கு நீங்கதான் ட்ரெய்னிங் குடுக்கணும்.”

கீழே அண்ணன், குடோனில் இடம் போதாமல் வீட்டில் வைத்திருந்த சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சரிங்க சார் என்றேன். மறுநாள் செங்கத்தில் கூட்டம் இருந்தது. காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினேன்.