மாப்பிள்ளை டயரும் ஸ்டீபன் சாரின் அறையும்

செய்தி வந்தபோது நான் ஒருவனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் அக்கா. "சாமி, நம்ம பிரேக் இன்ஸ்பெக்டர் தவறிட்டாராம். தூக்கத்துலயே போயிட்டாராம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். ஸ்டீபன் சார் எங்களில் ஒருவன் கையால்தான் சாவார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அந்த ஒருவன் நானாக இருப்பேன் என்றும் நினைத்ததுண்டு.

கொல்லிமலையில் பழைய வேன் ஓட்டும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்த்து எஃப்.சி. கொடுப்பது அவர் வேலை. கீழ்நாட்டுக்காரர், அதாவது சமவெளி ஆள். மலை வண்டிகளுக்காக அடிவாரத்துத் திடலுக்கு வருவார். கையில் ஒரு சுத்தியல் இருக்கும்.

முதல் முறை நான் எஃப்.சி. காட்டப் போனபோது அந்தச் சுத்தியலால் என் வண்டியின் தரையைத் தட்டினார். துருப்பிடித்த இடத்தில் தகரம் வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன். நாலாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்து முறுக்கினேன். அவர் என்னைக் கதவோடு சேர்த்து இடித்தார். "இந்த எடத்துல உக்காந்து வர்றவங்க யாருப்பா? உனக்கு ஆகாதவங்களா?" என்று கேட்டார்.

அடுத்த முறை சீட்டுக்கு அடியில் அரிவாள் வைத்துக்கொண்டு போனேன். வெட்டியிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவ்வளவு கோபம் இருந்தது. அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், அரிவாளை எடுத்தார், அதோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அந்த அரிவாளாலேயே அடிச்சட்டத்தில் நான் அப்பியிருந்த கிரீஸைச் சுரண்டி, உள்ளே மறைந்திருந்த விரிசலைக் காட்டினார். பிறகு கைப்பிடியை என் பக்கம் திருப்பித் திரும்பக் கொடுத்தார். அன்று அவர் எழுதிய குறைகள் ஒரு பக்கம் நிறைந்தன. "ஹாரன் ஒண்ணுதான் நல்லா இருக்கு. சாவு வருது, வெலகுங்கன்னு சொல்லிட்டே போவியா?" என்றார்.

இப்போது எங்கள் குட்டை உடைக்கிறேன். அப்போது மலையில் எங்கள் ஐந்து வேன்களுக்குச் சேர்த்து நல்ல டயர் ஒரு செட்தான் இருந்தது. யாருக்கு எஃப்.சி. நாளோ அவர் வண்டியில் அது ஏறும். மாப்பிள்ளை டயர் என்று அதற்குப் பெயர். டயர் கொடுத்த வண்டி மற்றவனின் மொட்டை டயரை மாட்டிக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அன்று முழுக்க ஊரில் நிற்க வேண்டும். இதுதான் பேச்சு. மூன்றாம் முறை நான் என் அக்கா வீட்டுக்காரர் செல்வராசு மாமாவின் வண்டியிலிருந்து டயர்களைக் கழற்றினேன். பின் சக்கரப் பிரேக் சிலிண்டர்களையும் கழற்றினேன். ஒழுகிக்கொண்டிருந்த என்னுடையதை அவர் வண்டியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஸ்டீபன் சார் குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவினார். அங்கே கத்தியால் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அவர் போட்டு வைத்தது. "இந்த டயரை மூணாவது வண்டியில பாக்கறேன்" என்றார். நான் பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இதைக் கழட்டின வண்டி இப்ப எங்க நிக்குது?"

"மேல எங்க ஊருல, குண்டனி நாட்டுலதானுங்க சார். கல்லு வச்சு நிறுத்தியிருக்குதுங்க."

"போன் போடு."

அக்காதான் எடுத்தாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. "அடிவாரத்துல ஒரு சாவு சாமி. எட்டுப் பேரு போறம். சாவுக்குப் போறவங்கள மாட்டேன்னு சொல்ல முடியுங்களா? பாதி மலை எறங்கிட்டம். பிரேக்குதான் உள்ள உள்ள போகுதுன்னு மாமன் சொல்றாரு…" அதோடு சிக்னல் போய்விட்டது. அவள் போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. போனை நான் காதிலிருந்து எடுப்பதற்குள் இடது கன்னத்தில் அறை விழுந்தது. கீழே விழுந்தேன். வாயில் ரத்தம். "ஏறு வண்டியில" என்றார்.

கீழிருந்து ஆறு கொண்டை ஊசி வளைவு ஏறியிருப்போம். மேலே ஹாரன் விடாமல் கேட்டது. "மலைச் சுவரை ஒட்டி நிறுத்து. மூஞ்சி மேல பாத்து இருக்கட்டும். இதுல வந்து இடிச்சாத்தான் அது நிக்கும். விட்டா பள்ளம்."

"சார், எனக்கு இருக்கறது இந்த ஒரு வண்டிதானுங்க."

"உங்க அக்கா இருக்கற வண்டிடா அது!"

நிறுத்தினேன். அவர் குதித்து இறங்கிப் பின் சக்கரங்களுக்குக் கல் திணித்துக்கொண்டிருந்தார். மாமாவின் வண்டி மலைச் சுவரில் உரசிக்கொண்டே வந்து என் வண்டியின் முகத்தில் மோதியது. கண்ணாடி தெறித்தது. என் வண்டி பின்னால் நகர்ந்து அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றது. கல்லுக்கும் டயருக்கும் நடுவில் அவருடைய வலது கை இருந்தது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்காவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இன்னொருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. எட்டுப் பேரும் மாமாவும் பிழைத்தார்கள்.

நான் மாமாவின் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு உதைத்தேன். ஸ்டீபன் சார் ரோட்டில் உட்கார்ந்தபடி, "அவரை அடிச்சா பிரேக் வந்துருமா? கழட்டினவன் நீதான" என்றார். என் துண்டில் சுற்றிய அவர் கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜீப் வருவதற்குள் இடது கையால் பேனா பிடித்து, என் தாளில் 'தகுதியில்லை' என்று கோணல்மாணலாக எழுதினார். மாமா வண்டிக்கும் எழுதினார்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இடது கையில் சுத்தியலோடு வந்தார். வருஷா வருஷம் அவரைப் பார்த்தேன். ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது அந்தக் காலர் விஷயம். குண்டூர் நாட்டுக்காரன் ஒருவன் எஃப்.சி.க்கு என் டயரைக் கேட்டு வந்திருந்தான். "ஒரு நாளைக்குத்தானுங்ணா" என்றான். அடிக்கக் கை ஓங்கியிருந்தேன். அக்கா போனை வைத்ததும் காலரை விட்டேன். அறைந்தேன். டயர் கொடுக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனோம். பெட்டியில் மூன்று விரல் கை மேலாக இருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "டயர்க்காரர் நீங்கதானா?" என்று கேட்டார். "அன்னைக்கு உங்களை அறைஞ்சதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். வேகமா அடிச்சுட்டேன், பாவம்னு சொல்வார்" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஓர் அறைதான். அதற்காக அவர் வருந்திக்கொண்டிருந்திருக்கிறார், நான் இங்கே வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இல்லீங்கம்மா," என்றேன். "அது பத்தாதுங்க."