மாப்பிள்ளையின் குளம்பு

குளம்பு வெட்டிக்கொள்ளக் கடைசியாக வந்தது செம்மறிக் கிடா. முடிவெட்டும் கடை நாற்காலியில் சாய்ந்த ஆளைப்போல அதைத் தன் முழங்கால்களுக்கு நடுவே மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வெட்டு, மாப்பிள்ளை வெக்கப்படுறார்" என்றாள் அம்மா. மகள் குளம்புக் கத்தியை ஓட்டினாள். பம்பு ஆலையில் இரும்புத் தண்டுகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தமாக அளக்கிற கை அது. முன்னங்காலில் ஒரு மயிரிழை ஆழமாகப் போய்விட்டது. சிவப்பாக ஒரு பொட்டு.

"ஃபேக்டரியிலயும் இதே லட்சணம்தானா? ஊர் பூரா பம்பு ஒழுகுமேடி!"

மறுநாள் காலை அந்தக் கிடா பாலத்துக்கு அந்தப் பக்கம், பால்காரர் பண்ணைக்குப் போகவேண்டியது. அம்மா வளர்த்த இனத்தின் இன்னொரு கிளை அவரிடம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் கிடா மாற்றிக்கொள்வார்கள். மாற்றாவிட்டால் அது தன் மகள்களோடே சேர்ந்துவிடும். பிறகு குட்டிகள் வருஷத்துக்கு வருஷம் சோடை.

"புது வீட்டுக்குள்ள நொண்டிக்கிட்டா நுழைவார்? நாலு நாள் போகட்டும்" என்று மருந்தைத் தடவினாள் அம்மா.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஓர் ஆட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். நிலம் நாலு ஏக்கர், பாதி கல், பாதி சேறு. முதலில் விலைக்கு வாங்கிய செம்மறிகளில் பால் கறந்தது சேற்றில் குளம்பழுகிப் படுத்தது. நல்ல கம்பளி தந்தது, ஈன்ற குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சதை போட்டது தீனித் தொட்டியை விட்டு நகரவில்லை. மூன்றையும் கலந்து, கழித்து, மறுபடி கலந்தாள். "ஒரு வேலை மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இங்க இடமில்ல. உங்கப்பாவுக்கே சமைக்கக் கத்துக் குடுத்துட்டேன்ல?"

அவள் ஆடு பொறுக்குவது அடைமழையில் மட்டும். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நாளில், சரிவின் நடுவில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துவிடுவாள். மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேய்கிற ஆடு தேறியது. கொட்டகைக் கதவில் போய்க் கத்துகிற ஆட்டின் முதுகில் நீலச் சாக்பீஸ் கோடு விழும், அது விற்பனைக்கு. "ஆலையில நாங்களும் இப்படித்தான் பம்பைப் பாடாப் படுத்திச் சோதிப்போம்மா" என்று மகள் ஒருநாள் சொன்னாள். "உங்க பம்புக்குச் சளி பிடிக்காது. எனக்குப் பிடிக்குதே" என்று மூக்கை உறிஞ்சினாள் அம்மா.

கொட்டகைக்கு ஓடியும் கோடு விழாத ஓர் ஆடு உண்டு. பெயர் சோம்பேறி. முதல் தூறலுக்கே கொட்டகைக்குள் இருக்கும். பதினொரு வருஷமாக இருக்கிறது. "இது மட்டும் எந்த விதிலம்மா?" "அவளுக்குக் குட்டியே கிடையாது, இனத்துக்குக் கெடுதல் இல்ல. நான் நனைஞ்சு உள்ள வந்தா, பேச ஒரு ஆள் வேணாமா?"

கிடாவுக்குக் குளம்பு வெட்டிய மூன்றாம் நாள் காலை, கொட்டகைக்குத் தண்ணீர் தூக்கிப் போகையில் அம்மா விழுந்தாள். எழவில்லை.

பத்து நாள் கழித்துப் பால்காரர் போனில் கூப்பிட்டார். "அவசரமில்லம்மா. மனசு தேறுனதும் வா." ஆனால் அவசரம்தான். பெட்டைகள் பருவத்துக்கு வர இன்னும் ஒரு வாரம். முப்பத்தெட்டில் பதினாலு இந்தக் கிடாவின் மகள்கள்.

அப்பா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "உன் லீவும் முடியப்போகுது. எனக்குச் சமைக்கத்தான் தெரியும், ஆடு தெரியாது. மொத்தமா வித்துடலாமா?"

மகள் அம்மாவின் வேன் பக்கம் போனாள். பின்பக்கம் வைக்கோல் பரப்பியபடி இருந்தது. கைப்பிடியில் கயிறு, அம்மா போட்ட முடிச்சோடு. முன் இருக்கையில் ஓர் இரும்புச் சீப்பு. பால்காரர் எவ்வளவு கேலி செய்தாலும், அவர் வாசலில் நிறுத்தி ஒருமுறை வாரிவிடாமல் அம்மா எந்தக் கிடாவையும் உள்ளே அனுப்பியதில்லை.

கிடாவின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். தழும்புகூட இல்லை. தூறல் விழுந்தது. சோம்பேறி கொட்டகைக்கு ஓடியது. கிடா நகரவில்லை.

"சொல்லும்மா, வித்துடலாமா?" அப்பா வாசலிலிருந்தே மறுபடி கேட்டார்.

அவள் சீப்பை எடுத்து, மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து வார ஆரம்பித்தாள்.