கரகரப்பைக் கேட்கும் வேலை

ஊஊஊ… என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கொசு ரீங்காரமாய் மெலிந்து முடியும் ஒரு சத்தம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதைத்தான் கேட்பேன்.

பள்ளி முடித்ததும் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து பஸ் ஏறி, சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ஸ்பீக்கர் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனேன். எல்லாம் விலை உயர்ந்த ஹைஃபை ஸ்பீக்கர்கள். சின்ன பூத்துக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அந்தச் சத்தத்தை ஓடவிட வேண்டும். சுத்தமாக வந்தால் பாஸ். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எங்காவது உரசினால் மெல்லிய கரகரப்பு கேட்கும்… ரிஜெக்ட்.

பக்கத்து பூத்தில் சாந்தி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரேக் நேரத்தில் ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துச் சாப்பிடுவோம்.

ஒருமுறை, விற்ற ஸ்பீக்கர்கள் கரகரக்கின்றன என்று திரும்பி வந்தன. டெஸ்டில் பாஸான பொருள், பசை விட்டுத்தான் பிறகு கெட்டிருக்கிறது என்றார் இன்ஜினியர் மிஸ்டர் லிம். பசை போடும் மூன்று பெண்களுக்கு வார்னிங் லெட்டர்.

வந்த பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அக்காவின் டெஸ்ட் ஸ்டிக்கர். என்னுடையது ஒன்றுகூட இல்லை.

நான் ரிஜெக்ட் செய்த ஒன்றை அக்காவிடம் கொண்டுபோனேன்.

"இத கொஞ்சம் கேளுங்கக்கா."

கண்ணை மூடிக் கேட்டார். "ஓகே லா. கிளியரா இருக்கு."

"கரகரன்னு இருக்குக்கா."

அக்கா ஸ்பீக்கரை ஓரமாக வைத்தார். "கொஞ்ச நாளாவே எனக்கு கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் சரியா கேக்கல. யார்கிட்டயும் சொல்லாத."

"அந்தப் பொண்ணுங்களுக்கு லெட்டர் கொடுத்துட்டாங்கக்கா."

"தெரியும்."

அவரே போய்ச் சொல்வார் என்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே மிஸ்டர் லிம்மிடம் சொல்லிவிட்டேன்.

லெட்டர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அக்கா பஸ்ஸில் வழக்கம்போல் என் பக்கத்தில் உட்காரவில்லை… அவர் வேலையை விட்டுப் போகும்வரை.

சொன்னது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இப்போது அந்த வேலையை மைக்கும் கம்ப்யூட்டரும் செய்கின்றனவாம். யார் காதையும் நம்ப வேண்டியதில்லை.

அக்காவின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். போன வாரம் மகள் புதிதாக ஸ்பீக்கர் வாங்கி வந்து பாட்டுப் போட்டாள். "எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

சுத்தமாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் நல்லதா, என் காது பழசாகிவிட்டதா… தெரியவில்லை.