மவுண்டை மாற்றியவன் நான்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நீடாமங்கலத்தில் சொந்த உழைப்பில் வண்டிப் பட்டறை கண்டேன். வாய்க்காலில் கவிழ்ந்த டிராக்டர்களை நிமிர்த்தினேன். இனி ஓடாது என்று கைகழுவிய லாரிகளை ஓடவைத்தேன். மச்சுவீடு கட்டினேன். ஆனாலும் மேடையில் பொன்னாடை வாங்கியவர் என் சகலைதான்.

குத்தகை நிலத் தகராறு ஊருக்கு ஊர் கொதித்த காலம் அது. விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் தம் சின்னக் காரை வாய்க்கால் கரையில் ஓடும்படி உயர்த்தித் தரச் சொன்னார். ஸ்பிரிங்கை உயர்த்தியாயிற்று. முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலை பாடியில் உட்காருமிடத்தில் வைக்கும் மேல் மவுண்டில்தான், அதாவது அந்தத் தாங்கு துண்டு ரப்பரா இரும்பா என்பதில்தான், சண்டை. துபாயிலிருந்து திரும்பியிருந்த சகலை இரும்புதான் வேண்டும் என்றார்.

“அங்க ரேஸ் வண்டியில ரப்பரே கிடையாது, சகலை.”

“இங்க என்ன ரேஸா விடப்போறோம்? வாய்க்கா கரைங்க,” என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “வெளிநாடு பாத்தவரு சொல்றாரு. போட்டுடுங்க.”

போட்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி அலறியது. தலைவர் பாலம் ஏறும்போதே நிலச்சொந்தக்காரரான பண்ணையாரின் ஆட்கள் சத்தம் கேட்டு வந்து மறித்தார்கள். “தலைவர் வர்றாரா, பாத்திரக்கடை வருதா?” என்று டீக்கடையில் சிரிப்பு.

அறுப்புக்கு முந்தின நாள். பண்ணை ஆட்களுக்கு முன்னே தலைவர் வரப்பில் நிற்காவிட்டால் கதிர் பண்ணைக்குப் போய்விடும். சகலையோ மீன் வாங்க அதிராம்பட்டினம் போயிருந்தார். யாரையும் கேட்காமல் இரும்பைக் கழற்றி எறிந்தேன். காரின் பழைய ரப்பர் உயர்த்திய ஸ்பிரிங்குக்குத் தாங்காது, பிய்ந்துவிடும். அதனால் வேன் ஒன்றின் கெட்டி ரப்பர் மவுண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டைகள் பொருந்தவில்லை. இடையில் தகடு வெட்டி வைத்து முடுக்கினேன். மறுநாள் விடியலில் வண்டி பூனைபோலப் போயிற்று. பண்ணை ஆட்கள் வந்தபோது தலைவர் வயலுக்குள் நின்றார். குத்தகைக்காரர்களே அறுத்தார்கள்.

வெற்றிக் கூட்டத்தில் தலைவர், “நம்ம துபாய் தம்பி செஞ்ச வண்டி!” என்று சகலைக்குப் பொன்னாடை போர்த்தினார். அவரும் மறுக்காமல் கும்பிட்டார். நானும் கைதட்டினேன். “பல்லைக் கடிக்காதீங்க, பாக்குறாங்க,” என்று என் மனைவி காதோரம் சொன்னாள். அவள் தங்கை புருஷனாயிற்றே! கெட்டவருமில்லை, என் பிள்ளைகளுக்கு வாட்ச் வாங்கி வந்தவர். அதுதான் இன்னும் எரிகிறது.

இப்போது திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். ‘தலைவரின் வண்டியை உருவாக்கியவர்’ என்று பேனர் அடித்திருக்கிறார்கள். அடிக்கட்டும், படமும் அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குக் கீழே, ‘அதை ஓடவைத்த மவுண்டைத் தேர்ந்தெடுத்தவர்’ என்று என் பெயர் வரவேண்டும். அந்த வரி ஏறாமல் நான் அட்சதையைக் கையில் எடுக்கப்போவதில்லை.