ரேகை ஏறாத கட்டைவிரல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையேந்தி ஒருவர் வாசலிலும் நின்றதில்லை. அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு சீரியலுக்குப் பயந்துபோனேன்.

பேத்தி போனில் பார்க்கிற வெளிநாட்டுக் கதை அது. தமிழில்தான் பேசுகிறார்கள். அந்த ஊரில் அரிசி அளப்பதுபோல ஆயுளை அளந்து கொடுக்கிறார்கள். வரிசையில் நின்று மெஷினில் கட்டைவிரலை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் அடுத்த தவணைவரை உயிர். சிவப்பு எரிந்தால் நின்ற இடத்திலேயே விழ வேண்டியதுதான். ஒரு கிழவி விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். ரேஷன் கடையில் நாங்கள் செய்வதும் அதேதான். நான் சிரித்தேன். அவள் விழுந்துவிட்டாள்.

மறுநாளே பென்ஷனுக்காக, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ரேகை வைக்க கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வாரிப் போட்ட கை என்னுடையது. ரேகை தேய்ந்து விரல் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். வைத்தேன். சிவப்பு. முடியில் தேய்த்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டு பாயம்மா, "இன்னா ஆயா, மேல போய்ட்டு வந்து நிக்கிறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். விழுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. போன் அடித்தாலும் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்வேன், துடிக்கிறதா என்று.

"அது கதை ஆயா! மெஷின் சொன்னா செத்துடுவாங்களா?" என்றாள் பேத்தி.

"நான் உயிரோட கீறேன்னு நான் சொன்னா ஆபீஸ்காரன் நம்புறானா? மெஷின் சொன்னாதானடி நம்புறான்."

அவள் என் கையைப் பிடித்து மறுபடியும் சென்டருக்கு இழுத்துப் போனாள். கண்ணைக் காட்டியும் பதியலாமாம். புரை எடுத்த கண். இமைக்காமல், மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சை.

"அவ்ளோதான் ஆயா. இனிமே அடுத்த வருஷம் வரைக்கும் பேஜார் இல்ல," என்றார் சென்டர்காரர், நல்ல மனதோடுதான். சீரியலில் பச்சை எரிந்தவர்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம் பேப்பர் வாங்கி, எழுத்துக்கூட்டி இதை எழுதினேன். நான் இருக்கிறேன் என்பது என் கையாலும் ஓரிடத்தில் இருக்கட்டும். அவளிடமே நீட்டினேன்.

"சத்தமாப் படிச்சிக் காட்டுடி. அந்தக் கிழவி விழற இடத்த மட்டும் மெதுவாப் படி."