அடுப்படியில் காய்ந்த கம்ப்யூட்டர்

சூரியநெல்லியில் ஆனி, ஆடி வந்துவிட்டால் எதுவும் காயாது. கொடியில் போட்ட சட்டை மூன்றாம் நாள் பூசணம் பூத்துவிடும். அதனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் பாதிச் சாமான் அடுப்பைச் சுற்றித்தான் இருக்கும். தீப்பெட்டியும் உப்பும் அடுப்புக்கு மேலே பரணில், மழைக்கோட்டு பக்கத்துச் சுவரில், மழையில் நனைந்த செல்போன்கூட அரிசிச் சட்டியோடு சேர்ந்து அடுப்போரமாய் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் அடுப்பு என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம்.

என் கம்ப்யூட்டர் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. படிப்பு முடிந்து, சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆன பிறகு அதற்கு விளையாட்டைத் தவிர வேறு வேலை இல்லை. கார் ரேஸ், கால்பந்து, துப்பாக்கிச் சண்டை என்று எதையும் விடமாட்டேன். விருந்தாளிகளிடம் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துப்போன மனுசனுக்கு யாரையாவது சுட்டால்தான் தூக்கம் வரும். ஆனால் புது விளையாட்டுகளை அந்தப் பெட்டி தாங்கவில்லை. படம் திக்கித் திக்கி நகரும். முக்கியமான நேரத்தில் தானாக அணைந்துவிடும். நான் தோற்ற ஆட்டம் எல்லாமே பெட்டியால்தான் தோற்றது என்று சொல்லிக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு விடுமுறை நாளில் சிபியுவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போடிக்கு இறங்கினேன். கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "போர்டும் பிராசசரும் நல்லாருக்கு தம்பி. உள்ள தூசி அடைச்சுச் சூடாகுது, அதான் அணையுது. தொடச்சுப் பேஸ்ட் வச்சுத் தாரேன். ஹார்டு டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி, கூட ஒரு ரேம், அளவா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுங்க. இன்னும் நாலஞ்சு வருசம் ஓடும்" என்றார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்துவிட்டு, "மலைக்காரங்க பெட்டி எல்லாம் இப்படித்தான் வருது. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோயிராதீங்க. புகைக்கரி ஃபேன்ல ஏறுச்சுன்னா முடிஞ்சுது" என்றும் சொன்னார்.

நல்ல மனுசன், நியாயமான யோசனை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. நான் போனதே புதுசு வாங்கு என்று ஒருவர் வாயால் கேட்கத்தான். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாய் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று பழசை அப்படியே போர்வையில் சுற்றிக்கொண்டு மலையேறினேன். பழைய பெட்டிக்குப் புதுக் கார்டு போடுவது கிழவிக்குக் கொலுசு போடுவது மாதிரி என்று வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "ரொம்பப் பழசாயிருச்சாம். இந்த ஈரமும் ஆகலையாம்" என்றேன். ஈரத்தைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது கம்பெனி வீடு. வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் வீடு நிலைக்கும். அம்மா ஓய்வு பெற்றபோது, நான் இஸ்திரிச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாய் ரிசார்ட்டுக்குப் போவதற்காக, பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் போனது அவள்தான். மழையில் இடுப்புக்குப் படுதா கட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் வந்து அட்டை கடித்த காலைக் கழுவிவிட்டு, பனிக்கட்டி மாதிரியான தண்ணீரில் துணி துவைப்பாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் பிளந்து கிடக்கும். ஓணத்துக்கு முன்னால் வரும் போனஸில் ஒரு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. பின்வாசலில் அதை வைக்க இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

நான் ஈரம் என்று சொன்னதற்கு மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். சிபியு அடுப்போரப் பலகையில், என் மழைக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நேத்துலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுதீங்க. காயட்டும். நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் கொஞ்சம் சூடு காட்டுதேன், சரியாயிரும்" என்றாள்.

வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தானாகக் கெட்டுப்போனால் புதுசு வாங்குவதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த நொடியில் தோன்றியது, அதுதான் உண்மை. பேசாமல் போய் முகம் கழுவினேன். அப்புறம் ஆடி முழுக்க அது நடந்தது. கடுகு தாளிக்கும்போதும், ஈர விறகு புகைந்து அவள் இருமும்போதும் பெட்டி அங்கேயே இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அக்கறையாய் எடுத்துவந்து மேசையில் வைப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் பெட்டி உயிரை விட்டது. அவள் முன்னாலேயே மூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி அப்பியிருந்தது. சட்டியின் அடியைப் பார்த்துப் பழகியவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அய்யோ, நாந்தான் கெடுத்துட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். "விடு, தெரியாமத்தான செஞ்ச" என்று பெரிய மனசு பண்ணி வேறு சொன்னேன். இதை எழுதும்போதும் அந்த வாக்கியம்தான் என்னைக் கூசவைக்கிறது.

போனஸ் வந்த அன்று மொத்தத்தையும் என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், ஒரே ஒரு தடவை. "துணிய நான் கையால தொவைச்சுக்கிருவேன். ஒங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள். அடுத்த வாரம் கண்ணாடிப் பெட்டி வீட்டுக்கு வந்தது. படம் தண்ணீர் மாதிரி ஓடியது. நான் முன்பு தோற்றது போலவே தோற்றேன்.

அவள் அதன் பக்கத்தில் வரமாட்டாள். பெருக்கும்போதுகூட இரண்டடி தள்ளி நிறுத்திவிடுவாள். லயத்துப் பெண்களிடம், "எங்க ஊட்டுக்காரர் பொட்டிய நாந்தான் பொசுக்கிட்டேன்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அதோடு நிற்கவில்லை. நான் வேலையிலிருந்து திரும்பிய ஒரு நாள் உள்ளே அடுப்பு இல்லை. பின்பக்கம் தகரத்தைச் சாய்த்துக் கட்டி, கல்லைக் கூட்டி, அடுப்பை வெளியே மாற்றியிருந்தாள். விடியுமுன் சாரல் அடிக்கிற இடத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்துவிட்டு அப்படியே கொழுந்துக்குப் போவாள். உள்ளே வந்து சமை என்று பலமுறை கெஞ்சினேன். "ஒருக்கா கெடுத்தது போதும்" என்பதே பதில். உண்மையைச் சொன்னால்தான் அவளை உள்ளே கூப்பிட முடியும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவள் வெளியிலிருந்து கொண்டுவந்த சூடான தோசையை விளையாடிக்கொண்டே தின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நிலைப்படியில் நின்றாள். ஆட்டம் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"கடைக்காரருக்குப் போன் போட்டேன். ரசீதுல நம்பர் இருந்துச்சு. மழக்காலத்துல அடுப்ப உள்ள கொண்டாந்தா புதுசுக்கு என்ன செய்யணும்னு கேக்கத்தான்."

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"பழசே நல்லாத்தான இருந்துச்சு, தொடச்சு ஒரு கார்டு போட்டாப் போதும்னு சொன்னேனேங்காரு. அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீங்கன்னு ஒங்ககிட்டச் சொல்லித்தான் விட்டாராம்." என் முகத்தைப் பார்த்தாள். "நெசமா?"

"ம்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் துவைக்க வேண்டிய துணிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் அடுப்பு உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். கண் விழித்தபோது வெளியே விறகு ஒடிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். சாரலில் புகை மேலே ஏற முடியாமல் அவள் முகத்தைச் சுற்றியே நின்றது.

"இன்னும் எதுக்கு வெளிய கெடந்து சாகுற? உள்ள வா. கம்ப்யூட்டர் கெட்டாக் கெட்டுட்டுப் போகுது" என்றேன்.

அவள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள். "இப்பக் கம்ப்யூட்டருக்காக இல்லங்க. உள்ள ஆக்குனா ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஆக்கணும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.