சுவருக்குள் முறிந்த சவர் வால்வு

வசந்தன் தம்பி, உங்கள் வீட்டுச் சவர் வால்வை உடைத்தது நீங்கள்தான். லண்டனில் கதிரையில் இருந்துகொண்டு இங்கே ஊரில், வட்டக்கச்சியில், சுவருக்குள் இருந்த பைப்பை முறித்திருக்கிறீர்கள். முப்பது வருசமாகப் பைப் வேலை செய்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்து ஒருவர் உடைத்ததை நான் கண்டதில்லை. கெட்டிக்காரர்தான்.

இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வெளிநாட்டுக் காசில் வீடு எழும்புகிறது. அங்கே பைப் பூட்டப்போகிற இளம் ஆட்களும் வாசிக்கட்டும்.

1. கதவு வேண்டாம்

நான்கு வருசத்துக்கு முதல் அந்த வீட்டுக்குப் பைப் பூட்டியது நான். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்த வசந்தன், ஒரு குளியல் தொட்டி வாங்கி அனுப்பியிருந்தார். தொட்டிக் குழாய்க்கும் மேலே இருந்து தண்ணீர் கொட்டும் சவருக்கும் ஒரே வால்வு. வால்வின் உடம்பு சுவருக்குள் போய்விடும். வெளியே பளபளவென்று ஒரு கைபிடி மட்டும் தெரியும்.

நான் இரண்டு விசயம் கேட்டேன். பாத்ரூம் தண்ணீரை மட்டும் நிற்பாட்ட ஒரு கேற் வால்வு. சுவரின் பின்பக்கம், அடுத்த அறையில், கை போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. வீடியோ கோலில் அவர் சிரித்தார்.

"ஹோட்டல்களிலை இப்பிடிக் கதவு கண்டனீங்களே அண்ணை?"

"ஹோட்டலுக்குப் போய்ச் சுவருக்குப் பின்னாலை பாக்கிற பழக்கம் எனக்கில்லைத் தம்பி."

"கதவும் வேண்டாம், கேற் வால்வும் வேண்டாம். வடிவு கெட்டுப்போம், விடுங்கோ. அது ஜேர்மன் சாமான். ஒண்டும் ஆகாது."

ஜேர்மன் சாமானுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் கட்டுகிறதே, அதே கல் வால்வுக்குள்ளும் கட்டும். இது தெரிந்தும் நான் தலையாட்டிவிட்டுச் சுவரை மூட விட்டேன். அது என் பிழை. அந்த ஒரு பிழைக்கு நான் பொறுப்பு. மற்றதுக்கு இல்லை.

2. முளைத்த மூட்டை

அந்த வீட்டில் இருப்பவர் வசந்தனின் அக்கா ராணி. வயல் செய்கிறவர். தொட்டியில் ஒருநாளும் குளித்ததில்லை. விதைநெல் ஊறப்போட நல்ல அளவான தொட்டி என்று அதற்குத்தான் பாவித்தார். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் படுக்கவென்று பூட்டிவைத்த அடுத்த அறையில் விதைநெல் மூட்டைகளைச் சுவரோடு அடுக்கியிருந்தார். நானென்றாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

போன மாரிக் காலபோக விதைப்புக்குக் கொஞ்சம் முதல் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, சுவரோடை இருந்த மூட்டை முளைச்சுப் போச்சு. மழையுமில்லை, கூரையும் ஒழுகேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். அடிமூட்டை இரண்டிலும் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளை நின்றது. சுவரில் கை வைத்தால் ஈரம். மறுபக்கம் பாத்ரூமுக்குப் போனேன். வால்வுக் கைபிடி ஒருபக்கம் சரிந்து நின்றது. அதன் அடியில் ஸ்பனர் கடித்த அடையாளம்.

"தங்கச்சி, இதிலை ஆர் ஸ்பனர் போட்டது?"

ராணி நிலத்தைப் பார்த்தார். "நான்தான் அண்ணை. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. தம்பிக்குச் சொன்னனான். ட்ராக்டர் ஸ்பனரை வைச்சு நல்லா இறுக்கு எண்டவன். இறுக்கேக்கை உள்ளுக்கை டிக் எண்டு ஒரு சத்தம். பிறகு சொட்டு நிண்டிட்டுது."

நிற்கும்தானே. தண்ணீர் சுவருக்குள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது.

இளம் ஆட்களே, சொட்டுகிற குழாயை இறுக்குவது வைத்தியமில்லை. கல் கட்டின உள்சாமானைக் கழற்றிப் புதிது போடவேண்டும். அரை மணித்தியால வேலை. பலம் காட்டி இறுக்கினால் வால்வின் உடம்பே சுவருக்குள் திரும்பி, அதோடு பூட்டின பைப் மூட்டு முறியும்.

3. வெட்டின வீடியோ

கேற் வால்வு இல்லாதபடியால் மேலே ஏறித் தண்ணீர்த் தாங்கியில் அடைத்து வீடு முழுவதற்கும் தண்ணீரை நிற்பாட்டினேன். சுவரை உடைக்கவேண்டும் என்று சொல்ல ராணி தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தார். வசந்தன் கண்ணில் முதலில் பட்டது மூட்டை.

"என்னக்கா, என்ரை கெஸ்ட் ரூமுக்கை நெல்லு?"

"நீ வந்து படுக்கிறியே? நெல்லாவது படுக்கட்டும்."

"சரி, பைப் பூட்டினது இந்த அண்ணைதானே. பிழையாப் பூட்டிப்போட்டு இப்ப சுவரை உடைக்கப் போறாராம்."

"பொய் கதையாதை. நீ இறுக்கச் சொல்லித்தானேடா நான் இறுக்கினனான்!"

அந்த நேரம் பார்த்து லண்டனில் சிக்னல் போய்விட்டது. பாவம், பெரிய நகரம்.

பின்பக்கச் சுவரை உடைத்தேன். வால்வு திரும்பி, மூட்டு முறிந்துதான் கிடந்தது. வெட்டி எடுத்து, புது வால்வும் புதுத் தொட்டிக் குழாயும் பூட்டி, கேற் வால்வும் போட்டேன். "கதவையும் வையுங்கோ அண்ணை, அவன் ஏசினால் நான் பாக்கிறன்" என்றார் ராணி. வைத்தேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மூன்றாம் நாள், எங்கள் ஊர் ஆட்கள் உலகம் முழுக்க இருந்து போனில் பார்க்கிற இணையக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வசந்தன் அந்தக் கோலைப் பதிந்திருக்கிறார். என் முகம், நனைந்த சுவர், முளைத்த நெல். "ஊர்ப் பிளம்பரின் திறமை" என்று தலைப்பு. "பிழையாப் பூட்டிப்போட்டு" என்ற கதை இருக்கிறது. அதற்கு ராணி சொன்ன மறுமொழி இல்லை. நோர்வேயில் இருந்து ஒருவர், "இவங்களை நம்பி வீடு கட்டக்கூடாது" என்று எழுதியிருந்தார். ஊரில் அவர் கட்டின வீட்டுக் குழாயையும் நான்தான் பூட்டினேன். ஏழு வருசமாக ஒழுகாமல் இருக்கிறது.

விசுவமடுவில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தவர், "இப்ப அவசரமில்லை அண்ணை" என்றார். அக்கராயனில் இன்னொருவர் போனே எடுக்கவில்லை. எனக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. ஊரில் உள்ள பெயர் ஒன்றுதான் எனக்கு வேலை கொண்டுவருவது. அதைத்தான் வசந்தன் உடைத்தார்.

நான் படித்தது இதுதான். கதவு வைக்க விடாத வீட்டில் சுவரை மூடாதீர்கள். சாமானைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வடிவு பார்க்கிறவர் முறிவுக்குப் பொறுப்பெடுக்க மாட்டார்.

வசந்தன் தம்பி, முழுக் கோலும் உங்கள் போனில் இருக்கிறது. எனக்குத் தனியாகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டாம். என் முகத்தைப் போட்ட அதே குழுவில், அத்தனை பேரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். அக்காவிடம் இறுக்கச் சொன்னது யார்? அக்கா அதைச் சொன்ன இடத்தை ஏன் வெட்டினீர்கள்?